அஞ்சரை பஸ்

"அஞ்சரை பஸ் வந்துச்சா?" என்று ஸ்பீக்கர் போனில் புருஷன் கேட்டான்.

"வரலைங்க," என்றாள் சூர்யகலா.

சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வடிவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னிக்குமா வரல? திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு ஒரு பஸ்ஸ ஒழுங்கா உட துப்பில்ல இவனுங்களுக்கு! சரி, பஸ்ஸே வரலன்னா நீ எப்படிடி வூட்டுக்கு வந்த?"

"வேற பஸ்ல வந்தேன் அத்த."

பாவம், அந்த பஸ் மேல் பழி போடலாமா? அது ஒரு நாளும் தவறியதில்லை. திண்டிவனத்து ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு சூர்யகலா தினமும் ஜன்னலோர சீட்டில் அதில்தான் ஜம்மென்று வந்துகொண்டிருந்தாள். வராமல் இழுத்தடித்தது அவளுடைய மாதவிலக்கு.

தை மாதத்தில் டெஸ்ட் குச்சியில் இரண்டு கோடு விழுந்தபோது வடிவு காபி கூடக் குடிக்காமல் வாசலுக்கு ஓடினாள். "எம் மருமவ முழுகாம கீறா!" அன்று சாயங்காலத்துக்குள் கோலியனூர் வரைக்கும் சேதி போய்விட்டது. இரண்டு மாதம் முழுசாக ஆவதற்குள் அது கலைந்தது. சந்தோஷத்துக்கு வந்த தெரு துக்கத்துக்கும் வந்தது. ஒருத்தி பப்பாளி தின்றாயா என்றாள். இன்னொருத்தி பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போனால் எப்படித் தங்கும் என்றாள். டாக்டரம்மா, "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, நெறைய பேருக்கு இப்படி ஆவுறதுதான்" என்று சொன்னதைக் கேட்க அங்கே ஒருத்திக்கும் காது இல்லை. குழந்தை போனதற்கு அழ வேண்டியவள், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஒரு தடவ மாதவிலக்கு வந்துடட்டும். அப்புறம் உங்க இஷ்டம்," என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை ஈ காக்காய்க்குக் கூடத் தெரியக் கூடாது என்று சூர்யகலா புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தீனதயாளனுக்குக் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பஞ்சர் கடை. லாரிக்காரர்களுக்காகப் பாதி நாள் கடையிலேயே படுத்துக்கொள்வான். வாட்ஸ்அப்பில் கேட்கலாம்தான், ஆனால் சூர்யகலாவின் போன் சாயங்காலமானால் வடிவு கையில்தான் இருக்கும். அதனால் அவன் கண்டுபிடித்த ரகசிய பாஷைதான் அஞ்சரை பஸ்.

பாஷை நன்றாகத்தான் வேலை செய்தது, மாட்டிக்கொண்டவர் பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கன்தான். அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர்.

"யோவ் பாண்டுரங்கா, அஞ்சரை பஸ்ஸ எவன்யா துண்ணுட்டான்?"

"அக்கா, டெய்லி வருதுக்கா! நானே டைம் போட்டு அனுப்பறேன்!"

"அப்ப எம் மருமவ பொய் சொல்றாளா?"

மருமகள் உள்ளே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். பாண்டுரங்கனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் சூர்யகலாவை ரோட்டில் நிறுத்தி, "நீ எந்த ஸ்டாப்புல நிக்கற பாப்பா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

ஆனால் எத்தனை நாளைக்குச் சிரிக்க முடியும்? வாரம் போய் வாரம் வந்தது. வயிறு லேசாக வலித்தால் பாத்ரூமுக்கு ஓடுவாள், வெறுங்கையோடு திரும்பி வருவாள். உடம்பு தன்னோடு கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டதோ என்று பயந்தாள். "வரலைங்க" என்று சொல்லும்போது குரல் உடைய ஆரம்பித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜவுளிக்கடையில் யாரோ ஒருத்திக்கு நைட்டி பில் போட்டுக்கொண்டிருந்தபோது அது வந்தது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சூர்யகலா அழுதாள், பிறகு சிரித்தாள், இரண்டையும் சேர்த்தும் செய்தாள். தீனதயாளனுக்குப் போன் போட்டு, "பஸ் வந்துடுச்சிங்க!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் டியூபைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு அவன் விசில் அடித்தான்.

அன்று சாயங்காலம் அவன் அரை கிலோ ஜாங்கிரியோடு வீட்டுக்கு வந்து நின்றான். அறிவு கெட்ட மனுஷன்!

"இன்னாடா விசேசம்?" என்றாள் வடிவு.

"பஸ்... அஞ்சரை பஸ் வந்துடுச்சிம்மா," என்று உளறினான்.

"பஸ்ஸு வந்ததுக்கா ஜாங்கிரி?"

சூர்யகலா அவசர அவசரமாகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் விளக்கைத் தொடுவதில்லை. இன்றைக்கு ஏற்றாவிட்டால் மாமியாருக்குத் தெரிந்துவிடும். சாமி மன்னிக்கும், தெரு மன்னிக்காது என்று தீப்பெட்டியை எடுத்தாள். குச்சியை உரச மட்டும் கை வரவில்லை.

வடிவு அவளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். ஜாங்கிரியைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, மருமகள் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கித் தானே விளக்கேற்றினாள்.

"அடிப்பாவி," என்றாள் மெதுவாக. "இதுக்கா நான் அந்தப் பாண்டுரங்கன நாயடி பேயடி அடிச்சிக்கினு கீறேன்?"

சூர்யகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அத்த, வெளில சொல்லிடாதீங்க. இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது," என்றாள். நாளைக்கு விடிவதற்குள் தெருவே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

வடிவு ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு ஜாங்கிரியை எடுத்து மருமகள் வாயில் திணித்தாள். அடுத்த வாரம், தலைக்குக் குளித்த மருமகளைப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பனமலையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள். "அவள பாத்து ரொம்ப நாளாச்சி. பத்து பாஞ்சி நாளு இருந்துட்டுதான் வருவேன்." வாசல் வரைக்கும் போனவள் திரும்பி மகனைப் பார்த்து, "டேய், கடைய ஜல்தியா சாத்திட்டு வூட்டுக்கு வா. லாரிங்க எங்கயும் ஓடிப் போயிடாது," என்றாள். தீனதயாளன் காது வரைக்கும் சிவந்தான்.

ஊருக்குப் போய்த் திரும்பி வந்த வடிவு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு அந்தச் சாமிக்குத்தான் தெரியும்.

மறு மாதம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. "அஞ்சரை பஸ் வந்துச்சா கலா?"

"வரலைங்க," என்றாள் சூர்யகலா. அந்த வார்த்தையைச் சொல்ல இவ்வளவு பயமாக, இவ்வளவு ஆசையாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சீரியல் நின்றது. வடிவு விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனாள்.  போச்சு, எல்லாம் போச்சு என்று சூர்யகலா ஜன்னலுக்கு ஓடினாள்.

பாண்டுரங்கன் சைக்கிளோடு அப்படியே நின்றுவிட்டார். "இன்னாக்கா, இன்னிக்கும் வரலியா?"

வடிவு வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"பஸ்ஸுன்னா முன்னப் பின்னதாம்பா வரும். வரலன்னா இப்ப இன்னா கெட்டுப்போச்சி? நீ போயி உன் வேலயப் பாரு."