பாட்டிலில் ஏறும் குமிழி

...இதோ ஒன்று வந்துவிட்டது, அடுத்ததும் வரும், வராமல் எங்கே போகும், கண்ணை மட்டும் எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்த நேரம் பார்த்து நின்றுவிடும்... செங்கம்மாள் இரும்புத் தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். தொட்டிலில், பிறந்து ஆறு நாளான அவள் பிள்ளை. மூக்கருகே பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ரப்பர் குழாய், குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர்ப் பாட்டிலில், பாட்டிலுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கறுப்பு ஆக்ஸிஜன் சிலிண்டர். வெறும் காற்று போனால் பிஞ்சு மூக்கும் நெஞ்சும் காய்ந்துபோகும், அதனால்தான் தண்ணீருக்குள் விட்டு ஈரமாக்கி அனுப்புகிறோம் என்று நர்சு சாராள் காலையில் சொன்னாள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் கூப்பிடு, மற்றபடி எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் பிரசவ அறைக்கு ஓடினாள். பாட்டிலைப் பார்க்கச் சொன்னார்கள், இவள் பாட்டிலையே பார்த்தாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்கப் பார்க்கத்தானே தெரிந்தது, அட, இது தனக்குத் தெரிந்த சங்கதிதானே... பழவேற்காட்டு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவளுக்குக் குமிழியைப் பற்றி யார் சொல்லித் தர வேண்டும், சேற்றிலிருந்து குமிழி ஏறினால் அடியில் உயிர் இருக்கிறது, கை தானாக அங்கே போகும், ஒரு நாளும் பொய்த்ததில்லை...

மூத்ததுக்கு இப்படி ஒரு பாட்டில் இருந்திருந்தால்? எட்டாம் நாள், மார்பில் போட்டுக்கொண்டு கண் அசந்தாள், விழித்தபோது பிள்ளை சில்லென்றிருந்தது. எப்போது நின்றது... கடைசி மூச்சு தன் மேல்தான் பட்டதா, அப்போது தான் என்ன கனவு கண்டுகொண்டிருந்தாள்... யாரும் அவளைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை. மூச்சைக் கண்ணால் பார்க்க முடிந்திருந்தால் விட்டிருப்பாளா?

ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. அவள் புருஷன் குப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். படகிலும் பஸ்ஸிலுமாகப் பிள்ளையைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவன், வேட்டியில் ஏரிச் சேறு அப்படியே காய்ந்திருந்தது.

"இன்னாம்மே, சோடாக் கட கணக்கா கொப்புளிக்குது?"

"வாய மூடுய்யா. புள்ள மூச்சு அது."

அதற்கப்புறம் அவனும் பாட்டிலைத்தான் பார்த்தான். இரண்டு பேர் பார்த்தால் இன்னும் நல்லது, ஒருத்தர் கண் சிமிட்டினாலும் இன்னொருத்தர் இருக்கிறார்... வெயில் ஏறியது, வார்டு புழுங்கியது, பிள்ளை முகத்தில் ஈ உட்கார்ந்ததோ என்று ஒரு கணம் திரும்பினாள். பிளாஸ்திரி வேர்வையில் கழன்றிருந்தது. குழாய் துணிமேல் கிடந்தது, அதன் வாய் துணியை ஊதிக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் நகம் அளவுக்கு ஈரம். பாட்டிலைப் பார்த்தாள். குமிழி ஏறிக்கொண்டிருந்தது, அதே வேகம், அதே சத்தம். மூக்கில் குழாய் இல்லை, குமிழி மட்டும் ஏறுகிறது... அப்படியானால் காலையிலிருந்து தான் பார்த்தது யாருடைய மூச்சு? அந்தக் கறுப்பு சிலிண்டருடையதா? இந்த ஈரம், இது எத்தனை நேரத்து ஈரம்?

சிஸ்டர் என்று கூப்பிட்டாள், சத்தம் வெளியே வந்ததா தெரியவில்லை. தொடாதே என்றார்களே... தொட்டாள், குழாயை எடுத்து மூக்கருகே பிடித்தாள், ஏரிக் காற்றுப் போல ஈரமாக விரலில் பட்டது. இன்னொரு கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள், சேற்றுக்குள் கிடக்கிற இறாலைக் கண்ணில்லாமல் கண்டுபிடிக்கிற கை... ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, நின்ற மாதிரியும் இருந்தது...

"பயப்படாதம்மே," என்றான் குப்பன் ஜன்னலில், "கொமிழி வந்துக்கினேதான் கீது."

அவள் திரும்பவில்லை. உள்ளங்கைக்கடியில் மறுபடி அந்த அசைவு... பிள்ளையின் நெஞ்சா, தன் கையின் நடுக்கமா, இந்தக் கைக்குக்கூடத் தெரியவில்லையே...