கிளட்ச் போகாத ரவுண்டானா

அந்த டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்கள் எல்லாம் சொல்லி வைத்த மாதிரி ஒரே இடத்தில் கோட்டை விட்டார்கள். நேராக ஓட்டுவார்கள், அழகாக ரிவர்ஸ் எடுப்பார்கள், மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் நழுவவிடாமல் கிளப்புவார்கள். டெஸ்ட் எடுக்கிற அதிகாரியும் தலையை ஆட்டிக்கொண்டே வருவார். ஆஸ்பத்திரி ரவுண்டானா வரும். அவ்வளவுதான். உள்ளே போகத் தெரியாமல் ஒருவர் நடுரோட்டில் நிற்பார், வெளியே வரத் தெரியாமல் இன்னொருவர் சுற்றிக்கொண்டே இருப்பார்.

குறை அவர்களிடம் இல்லை. சொல்லிக்கொடுக்கிறவள் அந்தப் பக்கம் போனால்தானே!

அவளைக் கிளட்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை தெரிந்தவர்கள் கிளட்ச் அக்கா என்பார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்! கிளட்ச்!" என்று காது கிழியக் கத்திச் சம்பாதித்த பேர். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தெரு முன்னாலேயே, "இப்படியே திருப்புங்க" என்று குரலைத் தணித்துக்கொள்வாள். "டெஸ்ட்ல அந்த ரவுண்டானாதானே அக்கா?" என்று யாராவது கேட்டால், "அது சும்மா ஒரு சுத்துதான், தன்னால வரும்" என்று மழுப்பிவிடுவாள்.

ஸ்கூலின் முதலாளி அவளுடைய தாய்மாமன். அவருக்குக் காரணம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தன் அக்கா, அதாவது கிளட்சின் அம்மா, அந்த ஆஸ்பத்திரியில்தான் செத்துப்போனாள், பிள்ளைக்கு அந்தக் கட்டடத்தைப் பார்க்கத் தாங்கவில்லை என்பது அவர் கணக்கு. "தூங்குற மாதிரிதான்மா போனா. முகத்துல எவ்வளவு நிம்மதி, நீயே பாத்தியே" என்பார். மாமா அன்றைக்கு வந்து சேர்ந்ததே அவளுக்கும் பின்னால்தான். எதைப் பார்த்து இவ்வளவு தைரியமாகச் சொல்கிறார் என்று கிளட்ச் மனதுக்குள் கேட்டுக்கொள்வாள், வெளியே கேட்க மாட்டாள்.

அம்மா ஒரு வீட்டு புரோக்கர். சுவரில் விரிசல் இருந்தால் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டு வீடு காட்டுகிறவள். இருட்டு ரூமை 'வெயில் படாத ரூம்' என்பாள். பின்பக்கம் சாக்கடை ஓடினால் 'தண்ணி வசதி' என்று சொல்லக்கூட அஞ்சாதவள். மார்பில் வந்த கட்டியையும் அதே கைவரிசையோடுதான் மறைத்து வைத்திருந்தாள். காலண்டரை எடுத்துப் பார்த்தபோது விரிசல் சுவர் முழுக்க ஓடியிருந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் மகளைப் பார்த்து, "ஒரு ரூமை இடிச்சுட்டாங்கடி. வீடு நிக்குது" என்றாள். கிளட்சுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

அந்த வார்டில் ஊசியோடு வருகிறவர்கள் எல்லாம் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்பார்கள். குத்தி முடித்ததும் அம்மா, "எந்த ஊர் எறும்பு இது? யானைக்குப் பொறந்ததா?" என்று கேட்பாள். ஒரே ஒரு நர்ஸ் மட்டும் எறும்புக் கதை சொல்லவில்லை. பேச்சிலும் நடையிலும் விறைப்பு. முதல் நாளே அம்மா அவளுக்கு மிலிட்டரி என்று பேர் வைத்துவிட்டாள், பதிலுக்கு அவள் அம்மாவை மகாராணி என்றாள்.

"மகாராணி, பிளாஸ்டரைப் பிரிக்கப் போறேன். எரியும். பத்து வரைக்கும் எண்ணுங்க, எட்டுல முடிச்சிடுவேன்" என்பாள் மிலிட்டரி. அம்மா எண்ணுவாள். "ஒன்பது ஆச்சு! ஏமாத்திட்ட!" "நீங்க ரயில் வேகத்துல எண்ணுனா நான் என்ன பண்றது?" தழும்பைத் தொடுவதற்கு முன்னால் மிலிட்டரி தன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். முதன்முதலாக அந்த இடத்தைப் பார்க்கும் நேரம் வந்தபோது, "இன்னைக்குப் பாக்கறீங்களா, நாளைக்கா?" என்று கேட்டாள். அம்மா நாளைக்கு என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். மிலிட்டரி கண்ணாடியைத் தினமும் கொண்டு வந்தாள், தினமும் எடுத்துக்கொண்டு போனாள், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் அம்மா பார்த்தாள். மிலிட்டரி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். கிளட்ச் தன் வாழ்க்கையில் பார்த்த பெரிய உபகாரம் அதுதான்.

"நான் பொய்யிலேயே சம்பாதிச்சவ. பொய் வாசனை எனக்குத் தெரியாதா? இந்த ஆஸ்பத்திரியிலே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஜென்மம் இவதான்" என்று அம்மா மகளிடம் சொல்வாள். அதனால்தான் டாக்டர் என்னென்னவோ சுற்றி வளைத்துப் பேசிவிட்டுப் போனதும் மிலிட்டரியைக் கூப்பிட்டு, "தேறுவேனா?" என்று கேட்டாள். மகளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"இல்ல மகாராணி" என்றாள் மிலிட்டரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். "வலியைக் குறைக்கிறது என் வேலை. முழுசா முடியுமான்னு எனக்குத் தெரியாது. முடிஞ்சதை எல்லாம் பண்ணுவேன்."

அந்த 'தெரியாது'தான் கிளட்சின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கடைசி நாள் மத்தியானம் அவள் அங்கே இல்லை. "எம் மூஞ்சியையே எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருப்ப? போய் நாலு பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடு, யாரையாவது இடிச்சுட்டு வந்து கதை சொல்லு" என்று அம்மாதான் விரட்டிவிட்டாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வலித்ததா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தூங்குகிற மாதிரி என்று ஊரே சொன்னது, ஊர் எப்போதும் அப்படித்தான் சொல்லும். உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவளிடம் கேட்கத்தான் பயம். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் ஆமாம்தான், அதற்கு மேல் எந்த ஆறுதலும் ஒட்டாது. ஆகவே ஆஸ்பத்திரி இருந்த திசைக்கே ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, ஊரைச் சுற்றிச் சுற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒளிந்து திரிந்தவளின் வண்டியில், ஒருநாள் காலையில், டிரைவர் சீட்டில் மிலிட்டரி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மகாராணி பொண்ணே, முழிக்கிற? வீடு வீடாப் போய் நோயாளிங்களைப் பாக்கிற வேலை குடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு வர முடியாம வீட்டுலயே கிடக்கிறவங்க. சின்ன வண்டி ஒண்ணும் தர்றாங்களாம். லைசென்ஸ் இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும். உங்க மாமாகிட்ட சேந்துட்டேன். இதுல எது பிரேக்கு?"

வார்டில் விறைப்பாக நடந்த மிலிட்டரி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பூனைக்குட்டியாகிவிட்டாள். காற்றில் பறந்த பிளாஸ்டிக் பைக்கு பிரேக் போட்டாள். பின்னால் ஹாரன் அடித்தவனிடம் ஜன்னல் வழியாக மன்னிப்புக் கேட்டாள். போடத் தெரியாத ஊசி இல்லை என்று பேரெடுத்த கை, கியரைத் தேடி கிளட்சின் முழங்காலைப் பிடித்துத் தள்ளியது. வேறு யாராக இருந்தாலும் அந்நேரம் வண்டியின் கூரை பறந்திருக்கும். ஆனால் அம்மாவின் தழும்பைத் தொட்ட கையைப் பார்த்து எப்படிக் கத்துவது?

"நல்லா ஓட்டுறீங்க சிஸ்டர்" என்றாள் கிளட்ச்.

"பொய். இப்பதான் குப்பைத் தொட்டியை இடிச்சேன்."

"லேசாத்தான் இடிச்சீங்க."

மிலிட்டரி வண்டியை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்ன, அது தானாகவே நின்றது. "இதோ பாரு டீச்சர். ஊர்ல எல்லார்கிட்டயும் கத்துறியாம். என்னை மட்டும் ஏன் கண்ணாடிச் சாமான் மாதிரி வச்சுத் தாங்குற? நீ இப்படிப் பூசி மெழுகுனா நான் எவன் மேலயாவது ஏத்திட்டு ஜெயிலுக்குப் போவேன். உள்ளதைச் சொல்லு."

"உள்ளதையா?" கிளட்ச் மூச்சை இழுத்துக்கொண்டாள். "கண்ணு ரோட்டுல இல்ல, கை கியர்ல இல்ல, கால் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியல! கிளட்சை மிதிக்காம கியரை ஆட்டினா வண்டி அழாம என்ன பண்ணும்? மிதிங்க! கிளட்ச்!"

"இது பாடம்" என்று மிலிட்டரி பரம திருப்தியோடு மிதித்தாள். அன்றிலிருந்து வண்டி ஒழுங்காக நகர ஆரம்பித்தது.

நாளை டெஸ்ட் என்னும்போது மிலிட்டரி கேட்டாள். "எல்லாம் சரி. அந்த ரவுண்டானாவை நீ காட்டவே இல்லியே?"

"அது ஒண்ணுமில்ல சிஸ்டர். ஈஸிதான்."

"எறும்புக் கடியா?"

கிளட்ச் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை பேரை அந்த இடத்தில் கோட்டை விட வைத்தாகிவிட்டது. அவர்கள் இன்னொரு முறை எழுதிப்போட்டு ஓட்டிக்கொள்வார்கள். இவள் தவறினால் அந்த வண்டி வேறு யாருக்கோ போகும். எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி எறும்புக் கதை கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நேரா போங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிச் சுவர் வந்தது. மருந்துக்கடை வரிசை வந்தது. அம்மாவுக்குத் தலைமுடி கொட்டியபோது சேலைக்குப் பொருத்தமாக ஸ்கார்ஃப் வாங்கிய கடை வந்தது. ரவுண்டானாவுக்குள் வண்டி நுழைந்ததும் கிளட்ச் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"டீச்சர், கண்ணைத் திற. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. மிலிட்டரி ரவுண்டானாவின் உள்வட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியே போக வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி கேட் ஒருமுறை கடந்து போனது, மறுபடியும் வந்தது. இனி இந்த வண்டியிலிருந்து இறங்கி ஓடவும் முடியாது.

"சிஸ்டர், அம்மாவுக்கு வலிச்சுதா?"

கேட்டேவிட்டாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஓட்டிக்கிட்டே பேச எனக்கு வராது. கேட்டுட்ட, சொல்லணும். வண்டியை நீ பாத்துக்க" என்றாள் மிலிட்டரி. கிளட்ச் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள், தன் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டாள். வண்டி மெதுவாகச் சுற்றியது.

"காலையில வலிச்சுது. நீ கிளம்பறப்பவே வலிச்சுது. உன்கிட்ட காட்டிக்கல. நீ கதவைத் தாண்டினதும் பெல் அடிச்சாங்க. டாக்டர்கிட்ட சண்டை போட்டு மருந்தைக் கூட்டினேன். அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிச்சுது. அந்த நேரம் கஷ்டம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். என் கையைக் குடுத்தேன், நசுக்கிட்டாங்க. நான் எங்கயும் போகல."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேரும் திரும்பவில்லை.

"அப்புறம் விட்டுச்சு. விரல் எல்லாம் தளர்ந்துச்சு. வாய் காஞ்சிருந்துச்சு, பஞ்சைத் தண்ணியில நனைச்சு உதட்டுல வச்சேன். இப்ப வலிக்குதா மகாராணின்னு கேட்டேன். இல்லேன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல, அவங்க பெரிய புரோக்கராச்சே. அதனால திரும்பக் கேட்டேன். 'ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா உனக்கு? தள்ளி நில்லு, காத்து வரட்டும்'னு திட்டினாங்க பாரு. அப்பதான் நம்பினேன். வலி இருக்கிறவங்களுக்கு அப்படித் திட்டத் தெம்பு இருக்காது. அதுக்கப்புறம் தூங்கினாங்க. அந்தத் தூக்கத்துலயே உயிர் போச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அம்மா திட்டியிருக்கிறாள். காற்று வர வழிவிடச் சொல்லியிருக்கிறாள். அது அம்மாவேதான், சந்தேகமே இல்லை. ஊர் முழுக்கச் சொன்ன அதே தூக்கம்தான், ஆனால் கிளட்சுக்கு இப்போதுதான் அது கையில் கிடைத்தது. வலித்ததையும் சொன்னவள் சொல்வதால் வலி விட்டதையும் நம்ப முடிந்தது. அழுகை வந்தது. மறைக்காமல் அழுதாள், ஒரு கையால் ஸ்டியரிங்கை விடாமல்.

மிலிட்டரி மறுநாள் டெஸ்டில் பாஸானாள் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். இந்த ரவுண்டானாவில் அன்று அவள் போட்ட சுற்றுகளுக்கு அந்த ஊரிலேயே அவளைப் போல அதை அறிந்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

"டீச்சர், வெளியே போற வழி அதுதானே? இண்டிகேட்டரைப் போடட்டுமா?" என்று கேட்டாள் மிலிட்டரி.

கிளட்ச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம் சிஸ்டர். இன்னொரு சுத்து போலாம்."

"எதுக்கு?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

மிலிட்டரி சரி என்று தலையாட்டினாள். வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியதும், காலையில் வலித்ததிலிருந்தே ஆரம்பித்தாள்.