ஹீரா எரித்த கட்டை

எங்கள் பிளத்தேயா ஊர் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கதை என்றால் உயிர். ஹீரா அம்மன் புருஷன் ஜீயஸோடு கோபித்துக்கொண்டு எங்கள் கித்தைரோன் மலையில் வந்து ஒளிந்துகொண்டாள். வானத்துக்கே ராஜா, பெண்டாட்டியைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் திருதிருவென்று விழித்தார். கடைசியில் ஓக் மரம் ஒன்றை வெட்டிப் பெண்ணாகச் செதுக்கி, முக்காடு போட்டு மாட்டுவண்டியில் ஏற்றி, தனக்கு மறுகல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லச் சொன்னார். ஹீரா அடித்துப் பிடித்து ஓடிவந்தாள். முக்காட்டைப் பிய்த்தாள். உள்ளே வெறும் கட்டை! சிரித்துவிட்டாள். சண்டை தீர்ந்தது.

அந்தச் சிரிப்புக்காகத்தான் திருவிழா எடுக்கிறோம். காட்டில் வெந்த இறைச்சியை வைத்துவிட்டுக் காத்திருப்போம். அண்டங்காக்கை ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு எந்த மரத்தில் போய் உட்காருகிறதோ, அந்த மரம்தான் மணப்பெண். அவளை மலையுச்சிக்குக் கொண்டுபோகும் வண்டி என்னுடையது, மாடுகளும் என்னுடையவை. கொம்பில் பூச்சுற்றிய அன்றைக்கு அந்த மாடுகள் காட்டும் மிடுக்கு இருக்கிறதே, ஜீயஸுக்குக்கூட அவ்வளவு இருக்காது.

இந்தக் கதையை நம்பி என் தம்பி மோலோன் ஒரு காரியம் செய்தான்.

அவன் பெண்டாட்டி ஃபிலின்னா குளிர்காலத்திலிருந்து மலையடியில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். அடி உதை எதுவும் கிடையாது. அவன் ஆட்டைக்கூடத் திட்டமாட்டான். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது, அவ்வளவுதான் நடந்தது. எங்களில் அப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு அடுப்பைச் சுற்றி ஓடுவான். பிறகு விருந்து, பிறகு அவனே பேர் வைப்பான். இந்தக் குழந்தை அடுப்பைச் சுற்றுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. ஒரு பானையில் வைத்துக் கொல்லைச் சுவரோரம் புதைத்தோம். செத்தவரைப் பேர்சொல்லிக் கூப்பிட்டுத்தான் நாங்கள் வழியனுப்புவது. பேரில்லாததை என்னவென்று கூப்பிட? யாரும் கூப்பிடவில்லை. மோலோன் மண்ணைத் தள்ளி மூடினான், ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் அவள் இல்லை.

அதற்குப் பிறகு நான்தான் அவனுக்குத் தூதுவன். பார்லி மாவு கொண்டுபோனேன், பாலாடைக்கட்டி கொண்டுபோனேன். அவள் வாங்கி உள்ளே வைப்பாள், எனக்குக் குடிக்க மோர் தருவாள், பிறகு ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அத்தான், பிள்ளைக்கு என்ன பேர் வைக்கறதா இருந்தாராம்? கேட்டீங்களா?"

"கேட்டேன்மா."

"என்ன சொன்னாரு?"

"எழுந்து ஆட்டைப் பாக்கப் போயிட்டான்."

"ஆடு நல்லாருக்கா?" என்றாள். அந்த ஆடுகளை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வந்தது.

"அவரு வரணும் அத்தான். வந்து பேரைச் சொல்லணும். பேர் தெரிஞ்சாத்தானே நான் என் பொண்ணைக் கூப்பிட்டு அனுப்பி வைக்க முடியும்? அது இன்னும் அந்தச் சுவரோரமே நின்னுக்கிட்டிருக்கு. சொல்லலைன்னா நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். இதைச் சொல்லிடுங்க."

சொன்னேன். கல்லுளிமங்கன், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் திருவிழா நெருங்கிய சமயத்தில் ஒருநாள் விடிந்ததும் என் வாசலில் வந்து நின்றான். தோளில் ஆளுயரக் கட்டை, கையில் எங்கள் அம்மாவின் மஞ்சள் முக்காடு.

"அண்ணே, வண்டி வேணும்."

எனக்கு விளங்கிவிட்டது. "டேய், உனக்கென்ன பைத்தியமா? பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிஞ்ச கதைடா அது. அவ ஏமாறுவாளா?"

"ஏமாற வேணாம்ணே. சிரிச்சாப் போதும்."

"அவ கேட்டது என்ன, நீ கொண்டுபோறது என்ன?"

"சாமிக்கே பலிச்சது, எனக்குப் பலிக்காதா?" என்றான். முகத்தைப் பார்த்தேன், அவன் நிஜமாகவே நம்பினான். அறைந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மாட்டைப் பூட்டினேன். கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

வண்டி மலையடித் தெருவில் நுழைந்ததும் சனம் கூடிவிட்டது. மோலோன் அசடு வழிய வண்டிக்குப் பின்னால் நடந்தான். "மோலோன், கல்யாணப் பொண்ணு யாரு? பேசவே மாட்டேங்குதே!" என்றான் ஒருவன். "அதான் அவனுக்குப் பொருத்தம், இவன் மட்டும் பேசறானா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. தெருவே சிரித்தது.

ஃபிலின்னா வாசலில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள், மடியைத் தட்டினாள், நிதானமாக வண்டிக்கு வந்தாள். முக்காட்டைப் பிய்க்கவில்லை. மெதுவாக எடுத்து மடித்தாள். கட்டையைப் பார்த்தாள். தெரு மொத்தமும் அவள் வாயையே பார்த்தது.

"சிரிம்மா, சிரி! ஹீரா சிரிச்சா இல்ல?" என்று கத்தினாள் எதிர்வீட்டுக்காரி.

"சிரிச்சா," என்றாள் ஃபிலின்னா. "அப்புறம் என்ன பண்ணினா?"

அவளே தெருவைப் பார்த்துப் பதிலும் சொன்னாள்.

"கட்டையைக் கொளுத்தினா. சமாதானம் ஆனப்புறமும் கொளுத்தினா. வருசா வருசம் நாம கொளுத்தறோமே, அது என்னத்துக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அவ கேட்டது வரல. கட்டைதான் வந்துச்சு."

ஆயுசெல்லாம் அந்தக் கட்டையை மலைக்கு ஏற்றியவன் நான். ஹீராவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அவள் மோலோன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அவ சாமி. அவளுக்குச் சாவு கிடையாது, எத்தனை கட்டை வந்தாலும் சிரிச்சுக்கிட்டு இருக்கலாம். எனக்கு இருந்தது ஒரு பொண்ணு. நீ சொல்லாட்டி பரவால்ல, போ. இனிமே அண்ணனை அனுப்பாதே." முக்காட்டை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மாட்டைத் திருப்பத் தார்க்குச்சியைக்கூட எடுத்துவிட்டேன்.

"உன் பேருதான்," என்றான் மோலோன்.

அவள் நின்றாள்.

"உன் பேரைத்தான் வைக்கணும்னு இருந்தேன். வயித்துல இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன், மனசுக்குள்ள. நீ தூங்கும்போது."

எங்கள் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பேர்தான். இவன் எங்கள் அம்மா பேரை வைப்பான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பெண்டாட்டி பேரை மகளுக்கு வைத்தவன் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

"அப்ப ஏன் சொல்லலை?" என்றாள்.

"பிள்ளை போயிடுச்சு. அந்தப் பேரைச் சொல்லி எப்படி வழியனுப்பறது? உன் பேரைச் சொல்லி உன்னையே அனுப்பற மாதிரி இல்ல? பாதாளத்துக்காரன் காதுல விழுந்து, உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்னா?" வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "பயமா இருந்துச்சு. ஆட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டேன்."

எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஃபிலின்னா அவன் பக்கத்தில் வந்து, சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"முட்டாள்," என்றாள். "என்னைக் கூப்பிட்டா நான் போகமாட்டேன். நான் இங்கதான் நிப்பேன். அவளைக் கூப்பிடு."

வண்டியில் ஏறச் சொன்னேன். இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. நடந்தே போனார்கள், நான் அந்தக் கட்டையோடு பின்னாலேயே போனேன். வீட்டு வாசலில் அவர்கள் நிற்கவில்லை. நேரே கொல்லைக்குப் போனார்கள். அவள் சுவரோரம் மண்ணில் உட்கார்ந்து அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மோலோன் பெண்டாட்டியின் பேரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டான். முதலில் குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை எனக்கே கேட்டது.