வாய்க்காலில் போன வெளிச்சம்

இரண்டு மாதத்தில் ஏழு ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வடகரையில் நான்கு ஆள், தென்கரையில் நான்கு ஆள், ஆக எட்டுப் பேர் இரவெல்லாம் டார்ச்சும் கையுமாக வயலைச் சுற்றி வந்தும் ஒருவர் கண்ணிலும் திருடன் படவில்லை. எப்படி? எரிந்துபோன மோட்டாரைப் பிரித்த கால் மணி நேரத்தில் கோளாறு எந்தச் சுற்றில் என்று சொல்லிவிடும் அருள்ஜோதிக்கு இதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

தென்கரையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவளுடையது. ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் கேபிளின் உள்ளே செம்பு. பழைய இரும்புக் கடைகளில் அதற்கு எப்போதும் கிராக்கி. அந்தச் செம்பு போனதில்தான் அவள் கணவன் கிளாட்சனும் போனான்.

குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க விடிந்ததும் போனவன், வயலிலிருந்து போன் செய்தான். "ஜோதி, ஸ்டார்ட்டர் விழாம பிடிச்சு நிக்குது, ஆனா தண்ணி வரலையே."

அவள் காபி கலந்துகொண்டே சொன்னாள். "அமத்தாதீங்க. அப்படியே ஓட விட்டுட்டுப் போயி, போர் பைப்புல காதை வச்சுப் பாருங்க. மோட்டார் முனகுதான்னு சொல்லுங்க."

கிணற்றுக்குள் கிடக்கும் மோட்டார் ஓடுகிறதா என்று அறிய எல்லாரும் செய்வது அதுதான். ஆனால் கேபிள் அறுபட்டிருந்தது. அறுந்த முனை மின்சாரத்தோடு சேற்றில் கிடந்தது. கிளாட்சன் செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு நாற்றங்காலில் இறங்கினான்.

தான் சொன்ன யோசனையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊரும் கேட்கவில்லை, ஊர் ஏற்கெனவே வடகரையின் மேல் பழியைப் போட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் தண்ணீர்த் தகராறில் இரண்டு ஊரும் மண்டையை உடைத்துக்கொண்டன. இனி இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் வாய்க்காலில் எந்த ஊர்க்காரனும் கால் வைப்பதில்லை என்று காவல் நிலையத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்த வாய்க்காலை 'இன்டர்நேஷனல் பார்டர்' என்றார்கள். இப்போது கிளாட்சனின் காவல் முறையை அவன் தம்பி டேவிட்சன் எடுத்துக்கொண்டு அரிவாளோடு போகிறான். "வடகரை டார்ச் ஒண்ணு இந்தப் பக்கம் திரும்பட்டும், வெட்டிட்டுத்தான் மறுபேச்சு" என்கிறான். இன்னொரு சவப்பெட்டியை நினைத்து, அவன் திரும்பி வரும்வரை அருள்ஜோதி விளக்கை அணைப்பதில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் காலை கடை வாசலில் சாமிதுரை வந்து நின்றார். வடகரைக் காவலை நடத்துகிறவர். மூன்று வருஷத்தில் அங்கிருந்து வந்த முதல் ஆள்.

உள்ளே இருந்த டேவிட்சன் எழுந்தான். "என்ன, பாஸ்போர்ட் இல்லாம வந்துட்டீங்க?"

"உக்காருடா" என்றாள் அருள்ஜோதி. "சொல்லுங்கண்ணே."

"மனசு கேக்கலை தங்கச்சி. அன்னிக்கு ராத்திரி உங்க போர்கிட்ட நான் வெளிச்சத்தைப் பாத்தேன். உங்க ஆளுங்கன்னு நெனச்சுத் திரும்பிட்டேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா..."

"எந்தப் பக்கமாண்ணே போச்சு?"

"வாய்க்காலுக்குள்ள. கெழக்க."

"எங்க ஆளுங்க வாய்க்கால்ல இறங்க மாட்டாங்களே. கையெழுத்துப் போட்டிருக்கோமே."

"நாங்களுந்தான் இறங்க மாட்டோம்."

அருள்ஜோதி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். "டேவிட், நீ பாத்திருக்கியா?"

"நாலஞ்சு தடவை. வடகரைக்காரன்தான்னு..."

கிளாட்சனும் பார்த்திருக்கிறான். 'கொழுப்பைப் பாரு, வாய்க்கால்லயே நடக்குறான்' என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரித்திருக்கிறான். திருடன் ஒளியவே இல்லை. காய்ந்து கிடந்த வாய்க்காலின் நடுவே டார்ச் அடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். இந்தக் கரை அவனை அந்தக் கரை ஆள் என்றது. அந்தக் கரை இந்தக் கரை ஆள் என்றது. எட்டுப் பேரும் விழித்திருந்தது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத்தான்.

"அப்ப நான் யாரை அண்ணி வெட்டுறது?" டேவிட்சன் கேட்டான்.

"என்னைத்தான் வெட்டணும். அமத்தாதீங்க, போயிக் காதை வச்சுப் பாருங்கன்னு போன்ல சொன்னது நான்தான்டா."

டேவிட்சன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் அவனைத் தொடவும் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"எங்க பக்கமும் மூணு போர் போச்சு" என்றார் சாமிதுரை. "அதுல ஒரு போர்கிட்ட என் மவனும் சேத்துல இறங்கினான், அவன் நல்ல நேரம், அப்ப கரண்ட் இல்லை. என்ன செய்யலாம் சொல்லு. வடகரையில நான் பேசிக்கிறேன்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனாலும் ஒரு சுற்றுக்கூட விட்டுப்போகாமல் காயில் கட்டுவதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"காவலுக்கு இனிமே ஜோடியாத்தான் போகணும். ஒருத்தர் உங்க ஊரு, ஒருத்தர் எங்க ஊரு. மொத ஜோடி நீங்களும் டேவிட்டும். வாய்க்காலுக்குள்ளயே நடங்க. எங்க வெளிச்சத்தைப் பாத்தாலும் குரல் குடுங்க. அங்கேருந்து ஜோடி ரெண்டு பேரும் பதில் சொல்லணும், ரெண்டும் தெரிஞ்ச குரலா இருக்கணும். இல்லைன்னா அது திருடன். அப்புறம் காலைல தண்ணி வரலைன்னா, யாரு என்ன சொன்னாலும் சரி, மொதல்ல ஃபியூஸைப் பிடுங்கி சட்டைப் பையில போட்டுக்கணும். அதுக்கப்புறம்தான் வயல்ல கால் வைக்கணும்."