நாலாம் நாள் பேர் சொல்லலாம்

மூண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேணும். அதுதான் எங்கட குழுமத்தின்ர சட்டம்.

குளக்கட்டு எழுத்தாளர் வட்டம் எண்டு ஒரு வட்ஸ்அப் குழுமம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆக்கள் கொஞ்சம், வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் கொஞ்சம், எல்லாமா நாப்பத்தேழு பேர். நடத்துறது யோகநாதன் சேர், தமிழ் படிப்பிச்சு ஓய்வெடுத்தவர். கதையை அவருக்குத் தனிய அனுப்ப வேணும். அவர் பேரை எடுத்துப்போட்டு கதை நம்பரை மட்டும் போட்டுக் குழுமத்தில விடுவார். மூண்டு நாளைக்கு ஆர் என்ன சொன்னாலும் எழுதின ஆள் பதில் சொல்லக்கூடாது. நாலாம் நாள் காலமை சேர் பேரைச் சொல்லுவார். அதுக்குப் பிறகு எழுதின ஆள் கதைக்கலாம்.

முந்தி பேரோடதான் கதை போட்டவை. தெரிஞ்ச ஆளெண்டால் ஆகா ஓகோ, தெரியாத ஆளெண்டால் ஒரு பூப்படம். பேந்து சண்டை வந்து ரெண்டு பேர் குழுமத்தை விட்டே போயிட்டினம். அதுக்குப் பிறகுதான் இந்தச் சட்டம். நல்ல சட்டம் எண்டு கை தட்டினதில நானும் ஒராள். பேர் தெரியாட்டில் சனம் என்னென்ன கதைக்கும் எண்டு அப்ப எனக்கு விளங்கேல்லை.

என்ர கதை பதினேழாம் நம்பர். வியாழக்கிழமை பின்னேரம் சேர் போட்டார்.

அது என்ர அம்மா வடிவம்மாவின்ர கதை. பேரை மட்டும் மாத்தியிருந்தனான். அம்மாவும் அப்பாவும் எழுபத்தேழு கலவரத்தோட மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலயிருந்து வன்னிக்கு வந்த ஆக்கள். ஸ்கந்தபுரத்தில, யாழ்ப்பாணத்திலயிருந்து குடியேறின ஒரு குடும்பத்தின்ர வயல்கரையில குடிசை போட்டு, அவையின்ர வயலில நட்டு, களை பிடுங்கி, நெல்லு வெட்டித்தான் என்னை வளத்தவை. இரண்டாயிரத்து ஒன்பதில சண்டை முடிய எல்லாரும் செட்டிகுளம் அகதி முகாமுக்குப் போய்ச்சேர, அந்த வயல்கார அம்மாவும் என்ர அம்மாவும் ஒரே தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ வந்திட்டினம். ஆறு மாசம் ஒரு பானைச் சோறு. அவவுக்குக் காய்ச்சல் வந்து எழும்ப ஏலாமல் கிடக்க, அம்மாதான் தண்ணி வரிசையில நிண்டு வாளி தூக்கிக்கொண்டு வந்து உடம்பு துடைச்சு விட்டவா. “வடிவு, நீ என்ர கூடப்பிறந்தவள் மாதிரி” எண்டு அந்த அம்மா சொன்னதை நான் பக்கத்தில இருந்து கேட்டனான். எனக்கு அப்ப பதினேழு வயசு.

பிறகு எங்களுக்கு ஜெயபுரத்தில காணி கிடைச்சுது. முதல் காய்ச்ச பயித்தங்காயை அம்மா ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி ஸ்கந்தபுரம் போனவா. அண்டைக்கு அந்த வீட்டு விறாந்தையில வெளிநாட்டுச் சொந்தக்காரர் நிறைய. அந்த அம்மா எழும்பி வந்து, “வடிவு, பின்பக்கத்தால வா. பையைக் கோடியில வைச்சிட்டு நில்லு” எண்டவாவாம். கோடி எண்டால் வீட்டின்ர பின்புறம். இவ்வளவும் அம்மா எனக்குச் சொன்னது. அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு அவா சொல்லவுமில்லை, நான் கேக்கவுமில்லை. கதையில, பையைக் கோடியில வைச்சிட்டு அம்மா அழுது அழுது றோட்டால நடந்து போறா எண்டு முடிச்சிருந்தன்.

முதல் கருத்து வவுனியா விஜிதரன். “நடை நன்று. முகாம் காட்சி கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் முடிவில் நம்பகத்தன்மை இல்லை. முகாமில் ஒன்றாக உண்டு உறங்கியவர்கள் அப்படி நடக்கமாட்டார்கள்.”

நடந்தது ஐயா. என்ர தாய்க்கு நடந்தது. அதை எழுதி, அழிச்சு, ஃபோனைக் கவிட்டு வைச்சன். சட்டம்.

அதுக்குப் பிறகு லண்டனிலயிருந்து கதிர்காமநாதன் பதினொரு நிமிசக் குரல்பதிவு. முழுக்கக் கேட்டன். எங்களுக்குள்ள இருக்கிற சின்னச் சின்னக் குறையளை இந்த நேரத்தில வெளியில காட்டக்கூடாதாம். எந்த நேரத்தில காட்டுறது? ஒரு நாள் நட்சத்திரம் பாத்துச் சொன்னால் நல்லம். முடிவையும் அவரே சொல்லித் தந்திட்டார். வயல்கார அம்மா ஓடி வந்து கட்டிப் பிடிக்க வேணுமாம், ரெண்டு பேரும் அழ வேணுமாம், அப்பதான் வாசிக்கிற ஆளுக்கு மனம் நிறையுமாம். பதினாறு பேர் அதுக்குக் கைகூப்பு போட்டிருந்தவை.

அதையும் பொறுத்தன். கௌசலாவின்ரதைத்தான் பொறுக்க ஏலாமல் போச்சு.

கௌசலாவும் நானும் ஒரே நூலகத்தில வேலை. ரெண்டு வருசமாப் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. மத்தியானம் ஒரே மேசையில சாப்பாடு. அவவின்ர புட்டு எனக்கு, என்ர ரொட்டி அவவுக்கு. குழுமத்தில என்னைச் சேத்து விட்டதே அவாதான். அவா எழுதினது இதுதான். “எங்கள் வீட்டிலும் ஒரு தோட்டக்காட்டு மனிசி வேலைக்கு வந்தவா. கதிரை கொடுத்தாலும் இருக்கமாட்டா. அதுகள் இதையெல்லாம் பெரிதாக எடுக்கிறதில்லை. எழுதியவர் எங்கள் மனதை அதுகளின் மேல் ஏற்றி எழுதிவிட்டார்.” கடைசியில ஒரு சிரிப்பு முகம்.

அதுகள். என்ர தாய் அதுகள்.

பத்துத் தரம் வாசிச்சிருப்பன். என்ர மனுசன் வினோதன் எட்டிப் பாத்திட்டு, “ஏன் உந்த விசர் வேலை, குழுமத்தை விட்டு வாருமன்” எண்டார். விட்டுப் போனால் நான்தான் எழுதினது எண்டு தெரிஞ்சிடும். அதோட, நான் ஏன் போகவேணும்?

வெள்ளிக்கிழமை நூலகத்தில கௌசலாவே கதையைத் துவங்கினா. “பதினேழாம் நம்பர் வாசிச்சனீங்களே ரஜிதா? நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆரோ எங்கட பக்கத்துப் படிச்ச ஆள், அதுகளில இரக்கப்பட்டு எழுதியிருக்கு.”

நல்லா எழுதியிருந்தால் அது எங்கட பக்கமாம். நான் பேப்பர் கட்டைப் பிரிச்சு அடுக்கிக்கொண்டு நிண்டன். நான் ஆர் எண்டு அவவுக்குத் தெரியாது. பிறந்ததிலயிருந்து வன்னி, பேச்சும் இஞ்சத்தைப் பேச்சு, கல்யாணம் கட்டி இருக்கிறது கிளிநொச்சி ரவுன். அவா கேக்கேல்லை, நான் சொல்லேல்லை. ஏன் சொல்லேல்லை எண்டு என்னைக் கேட்டால், வெக்கமில்லாமல் சொல்லுறன், பக்கத்தில இருந்து சாப்பிட விருப்பமா இருந்தது. அண்டைக்கு அவவின்ர புட்டு எனக்கு இறங்கேல்லை. வயித்துக்குள்ள சரியில்லை எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

பின்னேரம் யோகநாதன் சேர் எனக்கு ஃபோன் எடுத்தார். எழுதினது நான் எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்.

“பிள்ளை, கதை அருமையான கதை. வருசக் கடைசியில போடுற தொகுப்பில முதல் கதையா இதைத்தான் வைக்க நினைச்சிருக்கிறன்” எண்டார்.

எனக்கு முப்பத்திமூண்டு வயசு. என்ர பேர் இதுவரைக்கும் அச்சில வந்தது ரெண்டே ரெண்டு தரம், கல்யாண அழைப்பிதழில ஒண்டு, அப்பாவின்ர மரண அறிவித்தலில ஒண்டு.

“முடிவை மட்டும் கொஞ்சம் மாத்துவம். உறுப்பினரின்ர அபிப்பிராயமும் அதுதானே. கட்டிப் பிடிக்க வேண்டாம், அது சினிமா. அந்த அம்மா உள்ள கூப்பிட்டுக் கதிரை குடுத்தாலே காணும்.”

“சேர், அப்பிடி நடக்கேல்லை.”

“நடந்ததை எழுதுறதுக்குப் பொலிஸ் முறைப்பாடு இருக்கு பிள்ளை. இது கதை. நாலாம் நாள் உம்மட பதிலோட புது முடிவையும் போடும். சனம் சந்தோசப்படும்.” அவர் கோவமாச் சொல்லேல்லை, அன்பாத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கொதியைக் கிளப்பினது. ஓம் சேர், யோசிக்கிறன் எண்டு வைச்சிட்டன். இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. புத்தகத்தின்ர முதல் பக்கம் கண்ணுக்குள்ள நிண்டது.

சனிக்கிழமை காலமை ஜெயபுரத்துக்கு பஸ் ஏறினன். அம்மாவைப் பற்றின கதை, அம்மாவுக்கே சொல்லாமல் எழுதியிருந்தனான். அவா முத்தத்தில சாக்கை விரிச்சு, விதைக்கு வைச்ச கச்சான் கடலையை உடைச்சுக்கொண்டு இருந்தா. “வாசிச்சுக் காட்டுறன், கேளுங்கோ” எண்டன். அம்மாவின்ர வாயில இண்டைக்கும் மலையகத்துப் பேச்சுத்தான். “வாசி, கை தானே வேல செய்யிது” எண்டா.

வாசிச்சன். முகாம் வந்த இடத்தில ஒருக்கா நிப்பாட்டினா. “காச்சல் மட்டுமா புள்ள? வயித்தோட்டமும். அத நீ எழுதல.” பிறகு உடைச்சுக்கொண்டே கேட்டா. அழுது அழுது றோட்டால நடக்கிற கடைசி வரி முடிய, கச்சானைக் கீழ வைச்சா.

“நான் எங்க புள்ள அழுதேன்?”

“அது கதைக்காக அம்மா.”

“கதைக்குன்னா? என்னைய அழ வச்சாத்தான் கதையா?”

அம்மாவுக்கு மூச்சு வாங்கினது. அவா இப்பிடிக் கோவப்பட்டு நான் கண்டதில்லை. அந்த வயல்கார அம்மாவோடகூட அவவுக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது.

“பைய வைக்கச் சொன்னாங்க. நான் வைக்கல. ‘இது ஏங் காணில வெளஞ்சதும்மா. கோடில வச்சுக் குடுக்குற சாமான் இல்ல’ன்னு அத்தன பேரு முன்னுக்கும் சொன்னேன். சொல்லிட்டு பையோட திரும்பி வந்துட்டேன். பஸ்ஸுல பக்கத்துல இருந்த பொம்பளைக்குக் கொஞ்சம் அள்ளிக் குடுத்தேன். மிச்சத்த அன்னைக்கு ராவு ஆக்கித் தின்னோம். நீயும் தின்ன.”

எனக்கு ஞாபகமில்லை. எத்தினையோ நாள் பயித்தங்காய்க் கறி.

“ஏம்மா இதை எனக்குச் சொல்லேல்லை?”

“நீ கேக்கலியே. ஒனக்கு நான் அழுவுற மாதிரி இருந்தாத்தான் தோது போல.”

அப்பதான் எனக்கு என்னிலயே கொதி வந்தது. கௌசலா எழுதினதுக்கு ரெண்டு நாளாப் பொருமிக்கொண்டு திரிஞ்சன். நான் மட்டும் என்ன செய்தனான்? வாசிக்கிற ஆக்கள் ஐயோ பாவம் எண்டு சொல்ல வேணுமெண்டு, தலை நிமிந்து வந்த மனிசியைக் குனிய வைச்சு அழப்பண்ணி அனுப்பியிருக்கிறன். கதிர்காமநாதனாவது லண்டனில இருக்கிறார். நான் அவவின்ர வயித்தில பிறந்தனான். நாப்பத்தேழு பேரில ஒருத்தருக்கும் பிடிபடாத பிழையை, எழுத்துக் கூட்டி வாசிக்கிற என்ர அம்மா ஒரே கேள்வியில பிடிச்சிட்டா.

முடிவை மாத்தத்தான் வேணும். சேர் சொன்னது அதில சரி.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து எழுதினன். அம்மா சொன்னதை அம்மாவின்ர பேச்சிலேயே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் வைச்சன். வயித்தோட்டத்தையும் சேத்தன்.

திங்கட்கிழமை காலமை ஒன்பது மணிக்கு சேர் போட்டார். “பதினேழாம் நம்பர் கதையை எழுதியவர் ரஜிதா வினோதன். அவரின் பதிலை எதிர்பார்க்கிறோம்.” நான் நூலகத்தில என்ர கதிரையில இருந்தன். கௌசலா பக்கத்துக் கதிரையில பதிவுக் கொப்பியைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தா. நான் எழுதி வைச்சிருந்ததை அனுப்பினன். “கருத்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. முடிவு பிழை எண்டு சொன்னீங்கள். ஓம், பிழைதான். கதையில வாற மனிசி என்ர அம்மா. அவா பேர் வடிவம்மா. சரியான முடிவு கீழ இருக்கு. இது அவா சொன்னது.”

கௌசலாவின்ர ஃபோன் மேசையில கிடந்து கிறுகிறுத்தது. எடுத்து வாசிக்கத் துவங்கினா. நான் அவவைப் பாக்கேல்லை.

அஞ்சு நிமிசத்தில சேர் ஃபோன் எடுத்தார். “பிள்ளை, நான் மாத்தச் சொன்னது உதில்லை.”

“தெரியும் சேர்.”

“அந்த மனிசி இப்பிடி எடுத்தெறிஞ்சு கதைச்சால், வாசிக்கிற ஆக்களுக்கு அவவில இருக்கிற இரக்கமும் போயிடும். இதைத் தொகுப்பில போடுறது கஷ்டம்.”

“அப்ப போடாதேங்கோ சேர்.”

அவர் சரி பிள்ளை எண்டு வைச்சிட்டார். எனக்குக் கவலைதான், பொய் சொல்லேல்லை. முதல் கதை எண்டவர் மனுசன்.

குழுமத்தில நாப்பத்தேழு பேரும் வாசிச்ச அடையாளம் விழுந்துகொண்டே இருந்தது. விஜிதரன் ஏதோ எழுதினார், எழுதி அழிச்சார். கௌசலா ஃபோனை மடியில வைச்சிட்டு என்ர பக்கம் திரும்பினா. அவவின்ர முகம் சிவந்து போயிருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது.

“ரஜிதா, நீங்கள் எழுதினது எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் நான் அப்பிடி எழுதியிருக்க மாட்டன்.”

“ஓம். எழுதியிருக்க மாட்டியள்” எண்டன். “மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு, எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டிருப்பியள்.”