ஒரே குவியல்

அன்று குவிந்த சோயாவின் உச்சியில் ஏறியவர்கள் நிலாவில் கால் அலம்பிவிட்டுத்தான் இறங்கினார்கள். இது அண்ணியின் கணக்கு. இடுப்பளவுகூட வராது என்பது கொழுந்தனின் கணக்கு. அவன் தன் நிழலையே இரண்டு தடவை திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொள்கிறவன்.

விடிவதற்கு முன்பே இருவரும் அவரவர் சோயாவை அடித்துத் தூற்றி முடித்திருந்தார்கள். காய்ந்த நெற்று உள்ளங்கையைக் கிழித்தது. தூசி தொண்டையில் களிமண்ணாக இறங்கியது. விதை, உரம், உழவு எல்லாம் தின்றது போக மிச்சம் முதுகுவலிதான். ஆனாலும் இன்று விற்றாக வேண்டும். விற்காவிட்டால் குத்தகை நிலம் கைமாறிவிடும். வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது.

மண்டிக்காரர் ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவார். கதவைச் சாத்தி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, காதோடு சொல்வார்: "உன்னோடதுதான் ஈரம். மத்தவங்களோடது கலகலன்னு இருக்கு. வெளிய சொல்லாதே, உனக்குத்தான் அசிங்கம்."

விலை இறங்கிவிடும். வருடக்கணக்காக எல்லோரும் தங்கள் ஈரத்தைச் சொல்லக்கூடாத வியாதிபோல மறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

அன்று கொழுந்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன தம்பி, ஈரம்னாரா?" என்றாள், அவனுக்கு முன்பே உள்ளே போய் வந்திருந்த அண்ணி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னோடதும் ஈரமாம். உன்னோடது காய்ஞ்சதாம்."

வரிசையில் ஒருவர் இருமினார். "எனக்கும் அதே பாட்டுதான்," என்றார் இன்னொருவர்.

அண்ணி மூட்டையை அவிழ்த்து, மண்டி வாசலில் விரித்த தார்ப்பாயில் கொட்டினாள். அதன்மேல் இருமியவர் கொட்டினார். கொழுந்தன் மூட்டையின் கழுத்தை விடவில்லை.

"கலந்தா பிரிக்க முடியாது அண்ணி. மழை வந்தா மொத்தமும் போச்சு."

"தனியா இருந்தப்ப மட்டும் என்னத்தைக் கண்டோம்?"

அவன் முடிச்சை அவிழ்த்தான்.

மண்டிக்காரர் வெளியே வந்தார். "என்னய்யா கூத்து? இது யாரோடது?"

"எங்களோடது. ஈரம் யாரோடதுன்னு கடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, மொதலாளி," என்றாள் அண்ணி. "பல்லு தாங்குற வரைக்கும் கடிங்க."

"மழை பெய்யட்டும். தானா வருவீங்க."

"வரோம். எல்லாரும் சேந்து ஒரே வெலைக்கு வரோம். அதுவரைக்கும் உங்க சோயாவுக்குக் காத்துக் கெடக்குற ஆலைக்கு வெறும் லாரியை அனுப்புங்க."

கதவு சாத்தப்பட்டது. தூறல் விழுந்தது. ஆளுக்கொரு பக்கமாக இன்னொரு தார்ப்பாயைக் குவியல்மேல் இழுத்துப் பிடித்தார்கள். கைகள் கடுத்தன, யாரும் விடவில்லை.

கொழுந்தனின் மனைவி மூச்சிரைக்க வந்தாள். "நீங்களும் கொட்டிட்டீங்கன்னு சொல்றாங்க. நான் நம்பல."

அவன் முகத்தில் வழிந்த நீரைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"நானும் நம்பலதான். ஆனா கொட்டினேன். இந்த முனையைக் கொஞ்சம் பிடி."