காணி பார்க்கப் போனவர்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் சவப்பெட்டி மூடியைத் திருகிக்கொண்டிருக்கையில் ஞானமலரின் கைப்பைக்குள் போன் அடித்தது. இலங்கை நம்பர். வாசலுக்கு ஓடினாள்.

“அண்ணி, நான் பாலேந்திரா. செட்டிகுளம் முகாமிலை நிக்கிறன். ஆரோ ஒராளின்ரை போன், கெதியாக் கதையுங்கோ.”

சண்டை முடிந்து பத்து நாள். தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே, அவள் புருஷன் செல்வரட்ணம் பன்றிக்குத் தீன் போட்ட இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார்.

“வீட்டுக்காறர் எல்லாரும்?”

“சின்னவன் மட்டும் என்னோடை.”

அவள் மேலே கேட்கவில்லை.

“அண்ணையிட்டைக் குடுங்கோ.”

உள்ளே பண்ணை முதலாளி ஹென்னிங் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். உக்ரைனில், சோவியத் காலத்துக் கூட்டுப்பண்ணையொன்று தரிசாகக் கிடந்ததைக் குத்தகைக்கு எடுத்தவர். ‘நீ மேற்பார்வை பார், தம்பியையும் கூப்பிடு’ என்று செல்வரட்ணத்திடம் சொல்லியிருந்தார். வன்னிக்குப் போன் அறுந்துபோகும்வரை அவருக்குத் தம்பியோடு அதே கதைதான்.

“அண்ணை உக்ரைனுக்குப் போட்டார், தம்பி. காணி பாக்க.”

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

“போட்டாரோ? உண்மையா ஒன்பதாயிரம் ஏக்கரோ?”

“ஓம். கறுத்த மண். வரம்பே இல்லையாம்.”

“வரம்பில்லாமல் என்னண்டு தண்ணி கட்டுறது? விசரர்.” சிரிக்கப்போய் இருமினான். “அதை நினைச்சுத்தான் அண்ணி, சின்னவனைத் தூக்கிக்கொண்டு நடந்தனான். ரண்டு பேருக்கும் இடமிருக்கோ எண்டு கேளுங்கோ.”

“கேக்கிறன்.”

லைன் அறுந்தது.

நேரே ஹென்னிங்கிடம் போனாள். தெரிந்த டேனிஷில், தம்பி உயிரோடிருக்கிறான், பிள்ளையும் ஒன்று, கூப்பிடுவீர்களா என்று கேட்டாள். அவர் தொப்பியை உருட்டினார்.

“செல்வா இல்லாமல் அங்கே யாரை நம்பி விடுவது? குத்தகையை விடப்போகிறேன், மலர்.”

அவள் தலையாட்டினாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

பெட்டிக்கு ஆறு பிடி. ஆம்பிளைகள் பாதிப்பேர் வன்னிச் சனத்துக்காகக் கொப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். ஹென்னிங்கோடு சேர்த்து ஐந்து பேர்தான். ஆறாவது பிடியை ஞானமலர் பிடித்தாள்.

“பொம்பிளையள் தூக்கிறேல்லைப் பிள்ளை,” என்றார் பின்பிடியில் நின்ற மகேந்திரராசா அண்ணை. “அது சகோதரத்தின்ரை இடம்.”

“தெரியும் அண்ணை.”

அவள் பிடியை விடவில்லை. தூக்கியதும் பெட்டி அவள் பக்கம் சரிந்தது. எதிர்ப்பக்கம் பிடித்திருந்த ஹென்னிங், முழங்காலை மடித்து, அவளுடைய உயரத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு நடந்தார்.